ஃபான் போட ஏலாது

சோளகம் இன்னும் எழும்பேல்லை.
சித்திரை முடிஞ்சும் முத்தத்து வேம்பில்
ஓர் இலைகூடத் தலையாட்டேல்லை.
ஆறரைக்கு வேலையால் வந்து
குசினி லைற்றைப் போட்டன்.
சுவரும் வேர்த்துக் கிடந்தது.

எங்கட ஊர் இராச்சாப்பாட்டை
ஆர் கண்டுபிடிச்சதோ தெரியாது,
மார்கழி மாசத்திலதான் கண்டுபிடிச்சிருக்கவேணும்.
புட்டெண்டால் ஆவி.
இடியப்பமெண்டால் அதுக்கு மேல ஆவி.
மாவை அவி, அரி, குழை, பிழி,
தட்டுத்தட்டாய் அடுக்கு, மூடு.
திறக்கேக்க முகத்தைப் பின்னுக்கு எடு.
ஃபான் போட ஏலாது.
போட்டால் காஸ் நெருப்புச் சாயும்,
அரிச்ச மா பறக்கும்.

"இண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டன்" எண்டன்.
சேட்டைக் கழட்டிப்போட்டு
பேப்பரால விசுக்கிக்கொண்டிருந்த குகநேசன்
சங்கக் கூட்டத்துத் தீர்மானத்துக்கு உயர்த்துறமாதிரி
உடனே கையை உயர்த்தினார்.
விதுசா அதுக்கு முதலே
செருப்புப் போட்டிட்டாள்.

தட்டாதெருச் சந்திக்கு அங்கால ஒரு புதுக் கடை.
மேல்மாடி ஏசி, பில்லில் பத்துவீதம் கூட.
கீழே வேர்வை இலவசம்.
கீழேயே இருந்தம்.
மேசைக்கு மேல சுத்தின ஃபான்
இருந்த வெக்கையைக் கலக்கிக் கலக்கி
மூண்டு பேருக்கும் சமனாய்ப் பரிமாறினது.

வாசல்பக்கம் ரொட்டிக்கல்லடியில் நிண்டவனுக்கு
இருபத்தைந்து வயசிருக்கும்.
ரெண்டு கையிலும் ரெண்டு தகடு,
கழுத்தில் நனைஞ்ச துவாய்.
ரொட்டி, முட்டை, கோவா, லீக்ஸ்
எல்லாம் துண்டு துண்டாய்த் துள்ள
முழங்கையால் நெத்தியைத் துடைச்சான்.
கல்லில் என்னவோ "ஸ்ஸ்" எண்டது.
தண்ணியெண்டே வைச்சுக்கொண்டம்.

அவன்ர தலைக்கு மேலயும் ஒரு ஃபான்.
சுத்தேல்லை.
"அந்த அண்ணா ஏன் அம்மா போடேல்லை?"
விதுசா கேட்டாள்.
மறுமொழி எனக்குத் தெரியும்.
சோடாப் போத்தலை அவளின்ர பக்கம் தள்ளிவிட்டன்.

கொத்து வந்தது. நல்ல உறைப்பு.
குகநேசன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி
"வெக்கைக்கு உறைப்புத்தான் நல்லம்" எண்டார்.
மழைக்கும் அதையேதான் சொல்லுறவர்.

சனம் குறைய, அவன் கல்லைத் துடைச்சிட்டு வந்து
பக்கத்து மேசையில் இருந்து
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான்.
இடியப்பம். சிவப்பு மா.
ஓரத்தில் சம்பல்,
சொதி தனியாய் ஒரு ஜாம் போத்தலில்.
நான் பார்த்ததை அவன் பார்த்திட்டான்.
"கொத்து எனக்கு இறங்காது அக்கா,
மணமே வயித்தை அடைச்சிடும்.
வீட்டில அவிச்சுத் தந்துவிட்டவ."

அவ.
பேர் கேட்கேல்லை.
நான் குசினி லைற்றை நூத்த அந்த நேரம்
கோண்டாவிலிலோ, இணுவிலிலோ
அவ மூடியைத் திறந்து
முகத்தைப் பின்னுக்கு எடுத்திருப்பா.

"ஒண்டு எடுங்கோவன்" எண்டு பெட்டியை நீட்டினான்.
வேண்டாமெண்டு சொல்லத்தான் வாய் திறந்தன்.
கை எடுத்திட்டுது.
ஆறின இடியப்பம்.
நூல்நூலாய்ப் பிரிஞ்சது, உப்பு அளவாய்.
என்ர கையாலை அவிச்சதை
இவ்வளவு ஆறுதலாய் இருந்து
நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

மூவாயிரத்து நானூறு ரூபாய் பில்.
மோட்டார்சைக்கிளில் திரும்பிவர,
தண்டவாளம் தாண்டின வெளியில்
எங்கயிருந்தோ ஒரு காத்து,
சட்டைக்குள்ளால புகுந்து முதுகைத் தொட்டுது.
ஒருத்தரும் கதைக்கேல்லை.
குகநேசன் வேகத்தைக் குறைச்சார்.
"பெற்றோல் மட்டும் அடிச்சுக்கொண்டு வந்திருக்கலாம்"
எண்டார் பேந்து.

வீட்டுக் கதவு திறக்க
குசினியில் அரவமில்லை.
அடுப்பில் பூனை படுத்தால்
வீட்டில் வறுமையெண்டு சொல்லுவினம்.
எங்கட பூனை அடுப்புக்குப் பக்கத்து மாபிளில்
நாலு காலும் நீட்டி, வயித்தைப் பரப்பி,
கல் குளிருதெண்டு படுத்திருக்கு.
எழுப்பேல்லை.
நாளைக்கு ஆறரைக்கு
நானே எழுப்பவேண்டிவரும்.